அப்பாவின் கார் சாவி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். ஊருக்கு வந்தால் வழக்கமாக நான்தான் ஓட்டுவேன். அவர் ஓட்டி நான் உட்கார்ந்து பல வருடம் ஆகிவிட்டது. லேசாக இருட்டியிருந்தது. எதிரே ஒரு டிப்பர் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தது. அப்பா பிரேக்கும் அடிக்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனார். டிப்பர் கடந்து போன பிறகும் இரண்டு மூன்று விநாடி அதே பிடி. இடது ஓரம் ஒரு அம்மா பால் கேனோடு நடந்துகொண்டிருந்தார். "அப்பா" என்றேன். "பாத்துட்டேன்டா" என்றார்.

பார்க்கவில்லை. எனக்கு நன்றாகவே தெரியும்.

அவருக்கு 76. இரண்டு வருடம் முன்பு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இன்னொரு கண் ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறது. புரை உள்ள கண்ணில் வெளிச்சம் பட்டால் சிதறும். வயதான கண் அந்தக் கூச்சத்திலிருந்து மீளவும் நேரம் எடுக்கும். அப்புறம் கழுத்து. பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னால் தோளோடு சேர்ந்து உடம்பே பாதி திரும்புகிறது. கேட் தூணில் இருக்கும் சிவப்புப் பெயிண்ட் எங்கள் கார் பெயிண்ட் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அம்மாவிடம் கேட்டால், "அது ஆறு மாசமா இருக்குது, உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு" என்கிறாள்.

பேச்சை எடுத்தாலே ஒரே பதில்தான். "கொல்லிமலை 70 கொண்டை ஊசியையும் அம்பாசடர்ல ஏறி எறங்குனவன்டா நான். நீ எனக்குச் சொல்ல வந்துட்ட." ஏறி இறங்கினார்தான், மறுக்கவில்லை. லாரிக்கார ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு. அதை 76 வயதில் விட்டுக்கொடு என்றால் யாருக்கும் வலிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 18 வயதுக்குக் கீழே உள்ள பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் ஏதாவது குற்றம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு மேல் பக்கம் வயது வரம்பே கிடையாது. 55 தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். டாக்டர் சான்றிதழ் வேண்டும், படிவம் 1ஏ. கெடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் மறந்து கிடந்தவர்தான் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். தேதி தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தால், 25 வயதில் லைசென்ஸ் டெஸ்டில் போட்ட 'எட்டு', நூறு வயது வரைக்கும் செல்லும்! அப்பா விஷயத்தில் அந்த டாக்டர் சான்றிதழ் எப்படி வந்தது என்று விசாரித்தேன். "நல்லா இருக்கீங்களா ஐயா?" "இருக்கேன் தம்பி." கையெழுத்து. 80 வயது வரைக்கும் உரிமம் ரெடி.

அந்தப் படிவத்தில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று தெருவில் தூரம் அளந்து அவரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் கார் உதவாது, அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம். புதிதாக ஒரு மினி லாரி நின்றது. "டிஎன் 28" என்று படபடவென்று சொன்னார். ஊரில் பாதி வண்டி அதுதான். மீதி நான்கு எண்ணில் 3-ஐ 8 என்றார், கடைசி எண்ணைச் சொல்லவே இல்லை. "பெயிண்ட் அழிஞ்சிருக்குது" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

விடாமல், "இங்கிலாந்து ராணி வீட்டுக்காரர் பிலிப்பே 2019ல ஒரு விபத்துக்கப்புறம் உரிமத்தத் திருப்பிக் கொடுத்துட்டாருப்பா" என்றேன். "அப்ப அவருக்கு என்ன வயசு?" "97." "எனக்கு இன்னும் 21 வருஷம் இருக்குது."

சிரித்தேன். ஆனால் அதே 2019 ஏப்ரலில் தோக்கியோவில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. 87 வயதுக்காரர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தியதில், சைக்கிளில் போன ஒரு தாயும் மூன்று வயது மகளும் செத்துப்போனார்கள். அந்த வருடம் ஜப்பானில் சுமார் 6 லட்சம் பேர் தாங்களாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பவர்களுக்கு அங்கே பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்சியிலும் கட்டணச் சலுகை உண்டு.

நாம் அதை யோசிப்பதே இல்லை. சாவியை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, பெரிய பொறுப்பை முடித்த மாதிரி சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுகிறோம். அப்புறம் அவர் கோயிலுக்கு எப்படிப் போவார், சர்க்கரை மாத்திரை வாங்க எப்படிப் போவார்? அம்மாவுக்கு டவுன் பஸ் இலவசம், அப்பாவுக்கு இல்லை. இலவசமே என்றாலும் அந்தப் படிக்கட்டில் முட்டி ஏற வேண்டுமே. சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன் தருகிறார்கள், நாமக்கல்காரருக்கு அதனால் என்ன பயன்? கார் போனால் அடுத்து டிவிஎஸ் எக்ஸெல்லை எடுப்பார். எங்கள் பக்கம் 70 வயதுக்காரர்கள் அதில் உர மூட்டையோடு பைபாஸைக் குறுக்கே கடப்பதைத் தினமும் பார்க்கலாம். அதற்குக் காரே தேவலை.

அதனால் வயதை வைத்து ஒரு கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 62 வயதில் ஓட்டவே கூடாதவர்களும் உண்டு, 80-லும் பிசகாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் 70 தாண்டினால் கண்ணை நிஜமாகவே சோதிக்க வேண்டும், ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அரசு செய்யும்வரை பிள்ளைகள்தான் செய்தாக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவையாவது சாயங்காலத்தில், போனை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஒரு ஒப்பந்தம். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், அதுவரை கார் ஷெட்டில். அதற்கப்புறமும் பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும், பைபாஸ் பக்கம் போகக் கூடாது. வெளியே போக ஒரு ஆட்டோக்காரரை மாதக் கணக்கில் பேசிவிட்டிருக்கிறேன். முதல் நாள் போய் வந்ததும் அப்பா போன் செய்தார்.

"அந்த ஆளு ஓட்டறது சரியில்லடா. 55 வயசு இருக்கும். கண்ணு தெரியலைன்னு நெனைக்கறேன்."