முந்திரி எதற்கு, சாமை இருக்கிறதே

பால் சேர்க்காத சூப் என்ற உங்கள் கட்டுரைத் தலைப்பைப் பார்த்து ஆசையாகப் படித்தேன். ஆனால் க்ரீமுக்குப் பதில் முந்திரி விழுது, பாதாம் பால் என்றே கட்டுரை போகிறது. முந்திரி விற்கிற விலையில் பெரிய குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

எங்கள் வேலூர்ப் பக்கம் ஜவ்வாது மலைச் சாமை கிடைக்கும். ஒரு கைப்பிடி சாமை, இரண்டு கப் மஞ்சள் பூசணித் துண்டு, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம். நாலு கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியில் அடியுங்கள், சூடாக அடித்தால் மூடி தெறிக்கும். க்ரீம் ஊற்றியது போலவே கெட்டியாக வரும். மிளகுத்தூள், உப்பு போட்டு ஒரு கொதி, போதும். தேங்காய்ப் பால் பிடித்தவர்கள் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதிக்க விட்டால் திரிந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு சூப் வைக்கிற வீட்டில் பால் பேச்சே கிடையாது, அதையும் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று. கடைசியில் நெய்யில் தாளிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் நெய் தொந்தரவு தராது. பால் புரதமே அலர்ஜி என்றால் கதை வேறு, நெய்யில் அது துளியாவது தங்கியிருக்கலாம். நல்லெண்ணெயில் தாளிக்கலாம். அப்புறம் பாக்கெட் சூப் பொடி வாங்குகிறவர்கள் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள், சிலவற்றில் பால் பவுடர் இருக்கும்.