பச்சை போய்விட்டது, ஆனால் வயல் போகவில்லை

நெல்லையின் பழைய செயற்கைக்கோள் படம் ஒன்று பச்சை, புதியது பழுப்பு. 'வயலெல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது' என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. படத்தின் மூலையில் உள்ள மாதத்தைப் பாருங்கள்: முதல் படம் ஜனவரி, இரண்டாவது மே.

ஜனவரியில் தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் (மழைக்காலத்தில் நட்டு, மாசி-பங்குனியில் அறுக்கும் போகம்) நிற்கும். மே மாதம் அறுவடை முடிந்து வயல் வெறும் தரையாகக் கிடக்கும். ஜூனில் தண்ணீர் திறந்தால்தான் 'கார்' என்னும் அடுத்த நெல் சாகுபடி. இதே ஊரை ஒரே ஆண்டில் இரண்டு மாதம் படமெடுத்தாலும் இந்த வித்தியாசம் தெரியும். ஒப்பிடுவதானால் ஒரே பருவத்துப் படங்கள் வேண்டும்.

சரி, நகரம் வளரவே இல்லையா? வளர்ந்திருக்கிறது. புதிய பேருந்து நிலையம் நிற்பதே வேய்ந்தான்குளம் என்ற குளத்தின் இடத்தில்தானே!

இன்னொன்று. நிலத்தின் மேல் இருப்பது வேறு, நிலத்தை நாம் பயன்படுத்துவது வேறு. வயலில் மனைக்கல் நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வீடு கட்டாமல் போட்டால் சீமைக்கருவேலம் மண்டிவிடும். செயற்கைக்கோளுக்கு அதுவும் பச்சைதான். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர்; அதில் மனைக்கல் எங்கே தெரியும்? ஆக, பழுப்பெல்லாம் கட்டடமும் இல்லை, பச்சையெல்லாம் வயலும் இல்லை. எது மனையானது என்று அறிய, படத்தோடு வருவாய்த்துறை ஆவணத்தையும் பார்க்க வேண்டும், நேரில் போயும் பார்க்க வேண்டும்.