'ஆற அமர' தேநீர்க் கோப்பையில் பிறந்ததா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கொழுந்து பறிப்பவர்கள் சூடான தேநீரை ஆறவைத்து, அமர்ந்து குடித்ததில்தான் 'ஆற அமர' என்ற வழக்கு வந்ததாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

நீலகிரியில் தேயிலை சோதனையாக நடப்பட்டதே 1830களில், கேத்தியில். பெரிய தோட்டங்கள் அதற்கும் பிந்தியவை. 'ஆறு' என்ற வினையோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஔவையாரின் ஆத்திசூடியில் இரண்டாவது வரியே 'ஆறுவது சினம்'. அங்கே ஆறுவது டீ இல்லை, கோபம். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்ற பழமொழியிலும் ஆறுவது சோறுதான்.

'அமர்' என்றால் உட்காருவது மட்டுமல்ல, அடங்குவது, நிலைகொள்வதும்கூட. கூச்சல் அமர்ந்தது என்கிறோமே, அது உட்கார்ந்தா விட்டது? ஆக, கொதிப்புத் தணிந்து மனம் ஒரு நிலைக்கு வந்தபின் செய்வதே ஆற அமரச் செய்வது. பங்காளிச் சண்டையில் "ஆற அமரப் பேசிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்தும் ஆற அமரப் பேசாதவர்கள் உண்டு!

அவசரமில்லாமல், நிதானமாக என்ற பொருளும் புழக்கத்தில் இருக்கிறது. சில நேரம் கிண்டலாகவும் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். "ஆற அமர வருது பாரு" என்றால் அதில் தேநீர் வாசனை எதுவும் இல்லை.