ஸ்டவுட்டை ஐஸில் புதைக்காதீர்கள்

போன வாரம் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் போத்தல்களை ஐஸ் வாளிக்குள் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் அப்படியே கிடந்தன. எடுத்து ஊற்றியபோது கிளாஸ் வியர்த்து, மேசையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் இருந்த தம்பி ஒரே மூச்சில் பாதியை இறக்கிவிட்டு, "அண்ணே, சரியான கசப்பு. ஆனா நல்லா ஏறும்" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விருந்து வீட்டில் வகுப்பு எடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று சொல்லிவிடுகிறேன். நான் தேயிலை சுவைக்கிறவன். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் சுவை பார்க்கும் அறையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேயிலை, கொதிநீர், ஐந்தாறு நிமிடம். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவோம். 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. இதில் எத்தனை வீதம் கஃபீன், எவ்வளவு நேரம் தூக்கம் வராது என்று கேட்டு அங்கே யாரும் விலை சொல்வதில்லை. மணம் என்ன, நிறம் என்ன, நாக்கில் எப்படி நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நம் மலையில் விளையும் இலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தெரிந்த நாம், நம் மலையில் பிறந்த பியரை மட்டும் ஏறுமா ஏறாதா என்ற ஒரே கேள்வியோடு ஏன் முடித்துவிடுகிறோம்?

மலையில் பிறந்தது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைத் தேடிப் போனவரும் அவர்தான். இந்த பியரின் கதை அவர் தொடங்கிய சிறு பியர் ஆலையிலிருந்து வருகிறது. கம்பனியும் 1849ஐத்தான் தன் தொடக்கமாகச் சொல்கிறது. ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் பியர் புளிக்கவைக்கக் குளிர் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டரில் இரண்டும் கிடைத்தன. பார்லி மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. 1990களின் கடைசியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்த ஆலைக்குள் வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் வேலை நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனாலும் ஸ்டவுட் என்றால் எனக்கு நுவரெலியாதான். எங்கள் பக்கம் லயன் என்றால் முதலில் தோட்டத்து வரிசை வீடுகள்தான் நினைவுக்கு வரும், சிங்கம் அப்புறம்தான். போத்தலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, சுவைக்கு வருவோம்.

போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது, இருபத்தைந்து நிமிடம் மேசையில் வையுங்கள். கொழும்பு வெயிலுக்கு அது போதும். 12, 13 பாகைக்கு வந்துவிடும். நுவரெலியாவில் இரவு அறையே அந்தக் குளிர்தான். அங்கே பெட்டியே தேவையில்லை. உறைகிற குளிரில் மணம் வெளியே வராது, நாக்கும் மரத்துவிடும். இனிப்பு அடங்கி கசப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். அந்தத் தம்பி சொன்ன கசப்பில் பாதி ஐஸ் வாளி கொடுத்த கசப்பு.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் நுரை நிற்காது. ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமாகக் கறுப்பு. ஓரத்தில் விளக்கு பட்டால் மாதுளை விதை போல ஒரு சிவப்பு தெரியும். நுரை வெள்ளை அல்ல, பால் கலந்த கோப்பியின் நிறம். அது கொஞ்ச நேரம் நின்று மெதுவாக இறங்க வேண்டும்.

குடிப்பதற்கு முன் மூக்கு. முதலில் வறுத்த கோப்பிக் கொட்டை. எங்கள் அம்மாயி வீட்டில் கோப்பியும் கொத்தமல்லியும் சேர்த்து வறுப்பார். அதில் மல்லியை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற வாசம். அதற்கு அடியில் கறுப்பு சொக்லேட். இன்னும் கொஞ்சம் வெப்பம் ஏறியதும் உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம். எல்லாவற்றுக்கும் பின்னால், கித்துல் மரத்துப் பதநீரில் காய்ச்சும் பாணி. காய்ச்சி இறக்குவதற்குச் சற்று முன்பு, கரிந்துவிடுமோ என்று பயப்படுகிற அந்த நிமிடத்து வாசம்.

பிறகு ஒரு சின்ன வாய். விழுங்காமல் நாக்கு முழுவதும் உருட்டுங்கள். இங்கேதான் தேயிலைக்காரன் ஒன்று சொல்ல வேண்டும். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. கசப்பு நாக்கில் உணர்கிற சுவை. துவர்ப்பு வாயை வறட்டுகிற உணர்வு. வாழைப்பூவும் நெல்லிக்காயும் ஆற விட்ட சாயத் தேத்தண்ணியும் தருவது. அறுசுவையில் நம்மவர்கள் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார்கள். ஸ்டவுட்டில் ஹொப்ஸ் பூவின் கசப்பு முன்னால் வந்து சீக்கிரம் போய்விடும். வறுத்த தானியத்தின் கசப்பு பின்னால் வந்து கோப்பி போல தொண்டையில் நிற்கும். துவர்ப்பு லேசாக இருந்தால் வாய் சுத்தமாகி அடுத்த வாய்க்குக் கை போகும். கூடிவிட்டால் சாம்பலை நக்கியது போல ஆகிவிடும். லயன் ஸ்டவுட்டில் இந்த மூன்றும் சண்டை போடாமல் இருக்கின்றன. அதற்குக் காரணம் அந்த இனிப்பு. புளித்து முடிந்த பிறகும் தங்கிவிட்ட சர்க்கரை அது. கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கும். அது மதுசாரம். தொண்டையை எரிக்காமல், அடுப்புப் பக்கம் உட்கார்ந்தது போல இருந்தால் நன்றாகச் செய்த பியர்.

இந்த இனிப்பைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இனிப்புக் குறைந்த ஐரிஷ் ஸ்டவுட்டைத் தராசாக வைத்து இதை நிறுக்கிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. வெப்ப நாட்டு ஸ்டவுட் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. யமேய்க்காவின் டிராகன், சிங்கப்பூரின் ஏபிசி, நம்முடைய லயன் எல்லாம் அந்தக் குடும்பம். அயர்லாந்தின் கின்னஸ் கம்பனி 1801இலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனியாக ஒரு கடுமையான பியர் செய்து அனுப்பியது. நீண்ட கடல் பயணத்தில் கெட்டுவிடாமல் இருக்க மதுசாரமும் ஹொப்ஸும் கூட்டிப் போட்டார்கள். அந்தச் சுவைக்குப் பழகிய துறைமுக ஊர்கள் பிறகு தாங்களே காய்ச்சத் தொடங்கின. இனிப்பும் பழ வாசமும் அந்தக் குடும்பத்தின் முகச்சாயல். மைக்கேல் ஜாக்சன் என்று ஓர் ஆங்கிலேய பியர் எழுத்தாளர் இருந்தார், 2007இல் காலமானார், பாடகர் வேறு ஆள். அவர் இங்கே வந்து குடித்துப் பார்த்துவிட்டு உலகத்துக்கே இதைப் புகழ்ந்து எழுதினார். வெளியிலிருந்து வந்த ஒருவர் நிதானமாக உட்கார்ந்து ருசி பார்த்ததை நாம் செய்யவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு தப்பான எண்ணம், கறுப்பாக இருந்தால் கடுமையாக இருக்கும் என்பது. நிறம் வருவது கருக வறுத்த ஒரு சிறு பங்கு தானியத்திலிருந்து. 1817இல் டேனியல் வீலர் என்பவர் சுழலும் உருளையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, எரித்துவிடாமல் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கொஞ்சம் கறுப்பு மால்ட் போட்டாலே முழுப் பீப்பாயும் கறுத்துவிடும். கடுமை வருவது மொத்தத்தில் எவ்வளவு சர்க்கரை புளித்தது என்பதிலிருந்து. கறுகறு என்றிருக்கும் கின்னஸ் டிராஃப்டில் மதுசாரம் வெறும் 4.2 வீதம். பொன் நிறமாகப் பளபளக்கும் லயன் லாகர் 4.8. லயன் ஸ்டவுட் 8.8.

அந்த 8.8ஐக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 625 மில்லி லீட்டர் பெரிய போத்தல் ஒன்றில் 55 மில்லி சுத்த மதுசாரம். 33.5 வீத சாராயத்தில் கணக்குப் பார்த்தால் 160 மில்லிக்கும் மேல். பியர்தானே என்று ஒருவர் தனியாக இரண்டு போத்தல் முடித்தால் அவர் உடம்புக்குள் போவது ஏறக்குறைய அரைப் போத்தல் சாராயம். ஐஸ் போட்டுக் குளிர வைத்தால் அந்தச் சூடு தெரியாமல் தண்ணீர் போல இறங்கிவிடுகிறது. எனக்கு ஐஸ் வாளி மேல் இருக்கிற கோபத்தில் இதுவும் சேர்த்தி.

லயத்தில் வளர்ந்தவனுக்குக் குடியைப் பற்றி அழகாக மட்டும் எழுத வராது. சம்பள நாளில் சாராயமும் கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தன என்று கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் அப்பா குடித்தது ருசிக்காக அல்ல. நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய கால் வலிக்காக. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவசரக் குடிதான் நமக்குப் பழக்கமாகி, நல்ல பொருள் கையில் வந்தாலும் அதே அவசரத்தில் இறக்கச் சொல்கிறது. குடிக்காதவர்கள் இந்தப் பதிவைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டவுட் குடித்தால் இரத்தம் ஊறும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். கின்னஸ் உடம்புக்கு நல்லது என்று 1929இல் தொடங்கிய விளம்பரம் உலகம் சுற்றி வந்தது. இதில் இருக்கும் இரும்புச்சத்து சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஏற்கெனவே குடிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: குறைவாக எடுங்கள், ருசித்து எடுங்கள்.

கெட்டுப்போன ஸ்டவுட்டும் கையில் கிடைக்கும், அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு கடையில் கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்த போத்தல்களில் ஒன்றை வாங்கினேன். திறந்ததும் நனைந்த காகித மட்டை வாசம். வாயில் வைத்தால் சோயா சோஸ் போல ஒரு உப்புச் சாயல். காற்றும் சூடும் சேர்ந்து பாழாக்கியது அது, செய்தவர் குற்றமில்லை. பாதியைக் கழுவுத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். வாங்கும்போது திகதியைப் பாருங்கள், நிழலில் பின்வரிசையில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கடித்துக்கொள்ள மிளகாய்த் தூள் தூவிய கடலை வேண்டாம். காரம் மதுசாரத்தின் எரிச்சலைத் தூக்கிவிடும், ருசி ஓடிவிடும். மிளகு போட்டுக் கறுப்பாக வதக்கிய இறைச்சி பொருந்தும். அதைவிடப் பொருந்துவது இனிப்பு.

இது எனக்குத் தெரியவந்தது போன டிசம்பரில். நுவரெலியாவில் அண்ணன் வீட்டில் ஒரு பெரிய போத்தலை நாங்கள் நான்கு பேர் சிறு கிளாஸ்களில் பகிர்ந்துகொண்டோம். வெளியே பனி, ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். குளிர் விட விட ஒவ்வொரு வாயும் வேறு வேறாக இருந்தது. கோப்பி பின்னால் போய், பழம் முன்னால் வந்து, அடியில் கிடந்த கடைசி இரண்டு விரற்கடையில் இன்னொன்று இருந்தது. எனக்கு அதற்குச் சொல் கிடைக்கவில்லை. அண்ணி குடிக்கமாட்டார். கிளாஸை வாங்கி மோந்து மட்டும் பார்த்தார். "தம்பி, இது தொதல் கிண்டின சட்டியில அடிப்பிடிச்ச வாசம்" என்றார்.

அதேதான். எழுந்து போய் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். நத்தாருக்கு யாரோ கொடுத்திருந்த தொதல் இனிப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து வைத்தார் அண்ணி. அதைக் கடித்து, மிச்சமிருந்த ஸ்டவுட்டை ஒரு வாய் எடுத்தேன். அந்தத் தம்பி அடுத்த முறை வரும்போது இதைத்தான் மேசையில் வைக்கப்போகிறேன். போத்தல் ஒன்று, சின்ன கிளாஸ்கள், தொதல் நாலு துண்டு.