வலி மருந்து விஷயத்தில் வகுப்பு எடுத்து ஒன்றும் ஆகாது

அவசர சிகிச்சைப் பிரிவில் வலி மருந்து எழுதுவதை ஒழுங்குபடுத்தணும் என்று பேச்சு வந்தாலே, டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு, சுவரில் ஒரு சார்ட். கொஞ்ச நாள் மாற்றம் தெரியும். அப்புறம் ட்யூட்டி ஆட்கள் மாறுவார்கள், பழைய குருடி கதவைத் திறடி. டாக்டர்களுக்கு மருந்து தெரியாமல் இல்லை. வேலை நடக்கிற வரிசையைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணிக்கட்டு முறிந்து வருபவரைப் பாருங்கள். ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டே பெயர் சொல்லி, பிரஷர் பார்த்து, பெஞ்சில் காத்திருந்து, எக்ஸ்ரே டேபிளில் கையைத் திருப்பச் சொல்லும்போது வலி தாங்காமல் கத்துவார். அதுவரை ஒரு பாரசிட்டமால்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் டாக்டர் இன்னும் பார்க்கவில்லை! வந்தவுடன் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும் ட்ரையாஜ் நர்ஸே வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று கேட்டு, அலர்ஜி, அல்சர், கிட்னி, கல்லீரல், கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் விசாரித்து, முதல் டோஸை அங்கேயே கொடுக்க எழுத்துப்பூர்வமான அனுமதி இருந்தால் போதும். விழுங்க முடிகிறவருக்கு மாத்திரையே போதும், ட்ரிப்ஸில் ஏற்றினால்தான் வேலை செய்யும் என்பது வெறும் நம்பிக்கை. வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், சர்ஜன் வந்து பார்க்கட்டும் என்று துடிக்க விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கொடுப்பதால் நோயைத் தவறாகக் கணிப்பது கூடுவதில்லை என்று ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன.

இன்னொரு பக்கம், கால் சுளுக்கியவர் ட்ராமடால் சீட்டோடு வீட்டுக்குப் போகிறார். அது ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. 2017இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், கை கால் வலியோடு வந்த 400க்கும் மேற்பட்டவர்களில் சிலருக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 1000 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஓபியாய்டு கலந்த மாத்திரைகள். 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சிறுநீரகக் கல் வலிக்கு, ஓபியாய்டு அல்லாத டைக்ளோஃபினாக் ஊசி மார்ஃபினைவிட நன்றாகக் கேட்டதாக கத்தாரில் நடந்த பெரிய ஆய்வு 2016இல் சொன்னது. கிட்னி பழுதானவருக்கும் அல்சரில் ரத்தம் கசிந்தவருக்கும் அதே ஊசி ஆபத்து என்பதால்தான் அந்தக் கேள்விகள் முதலிலேயே வேண்டும் என்கிறேன்.

இதற்காக ஓபியாய்டே தீண்டக்கூடாது என்று யாராவது கிளம்பினால் அதையும் எதிர்ப்பேன். தொடை எலும்பு முறிந்தவருக்கும் பெரிய தீக்காயத்துக்கும் மார்ஃபின்தான் மருந்து, ரத்தக் குழாயில் சிறு சிறு டோஸாக, மூச்சைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கேஸ் ஷீட்டில் வலி எண்ணுக்கு இருக்கும் இரண்டாவது கட்டத்தைப் பார்க்கும்போது. முதல் கட்டத்தில் 8 என்று இருக்கும், ஊசி போட்ட நேரம் இருக்கும், இரண்டாவது காலி. அரை மணி நேரம் கழித்து "இப்ப எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். கேட்காமல் அடுத்த டோஸ் வேண்டுமா, மருந்தை மாற்றணுமா என்று எப்படித் தெரியும்? மறதி நோய் உள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் எண்ணே சொல்ல வராது, முகத்தையும் அசைவையும் பார்த்து எழுதணும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கணினி முன்கூட்டியே காட்டும் ஓபியாய்டு மாத்திரை எண்ணிக்கையைத்தான் அவசரத்தில் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த எண்ணை 10 ஆக வைத்ததுமே 10 மாத்திரைச் சீட்டுகள் கூடின. யாருக்கும் அறிவுரை சொல்லவே இல்லை.

கடைசியாக, நிர்வாகத்தினர் ஓபியாய்டு எவ்வளவு குறைந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். அதை மட்டும் எண்ணினால் மார்ஃபின் நிஜமாகவே தேவைப்படுகிறவருக்கும் கை வராது. வாசலில் நுழைந்ததிலிருந்து முதல் டோஸ் வரை எத்தனை நிமிடம், அந்த இரண்டாவது கட்டம் எத்தனை ஷீட்டில் நிரம்பியிருக்கிறது, இவற்றையும் மாதாமாதம் எடுத்து அந்தந்த டாக்டர், நர்ஸ் கையிலேயே கொடுங்கள்.