ஆரத்தி எடுத்த கார்ப்பெட்

(தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த். நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஒட்டு வீடுகள். ஒன்றில் லோகன்; மனைவி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மற்றதில் கோகி அக்கா. நடுச்சுவர் புண்ணியத்தில் அவருக்குத் தெரியாத சேதி கிடையாது. பிப்ரவரி, இங்கே உச்சக் கோடை. ஞாயிறு காலை, வேலியோரம்.)

அக்கா: என்ன தம்பி, விடியும் முன்னே வரட் வரட்டென்று தேய்க்கிற சத்தம்?

லோகன்: கார்ப்பெட், அக்கா. காவடிக்குக் கரைத்த மஞ்சள் தண்ணீர் செம்போடு பக்கத்தில் இருந்தது. டிவியில் விக்கெட் விழுந்தது. நான் துள்ளினேன். செம்பும் விழுந்தது.

அக்கா: மஞ்சளா! எதைப் போட்டுத் தேய்த்தாய்?

லோகன்: சோப்புத் தூள். போட்டதும் ரத்தமாகச் சிவந்துவிட்டது. முருகனுக்குத்தான் கோபமோ என்று கற்பூரம் வேறு ஏற்றினேன்.

அக்கா: முருகனுக்கு வேறு வேலை இல்லை பார். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கவில்லையா? சோப்புத் தூளுக்கும் அதே குணம்தான். நீ கார்ப்பெட்டுக்கு ஆரத்தி எடுத்திருக்கிறாய்.

லோகன்: நாளைக்கு அவள் வந்துவிடுவாள். ஆளை வைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்று பார்த்தேன். விளம்பரத்தில் ‘அறைக்கு 250 ரேண்ட் முதல்’ என்று இருந்தது. போனை எடுத்தபோது 250. வைத்தபோது 1,150.

அக்கா: அந்த ‘முதல்’ இருக்கிறதே, அதுதான் அவர்கள் வியாபாரத்துக்கே முதல். வரிசையாகச் சொல்.

லோகன்: எங்கள் லவுஞ்சு எல் வடிவமாம். அதனால் இரண்டு அறையாம். 500.

அக்கா: இத்தனை சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு அறை என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். எத்தனை என்று கேட்டாயா?

லோகன்: எனக்கு எங்கே கேட்க விட்டார்கள்! 500க்கெல்லாம் வண்டி கிளம்பாதாம், குறைந்தது 800. கறைக்குத் தனியாக 200. ஆக ஆயிரம். தலைக்கு மேல் வாட் வரி 15 சதவீதம்.

அக்கா: 800 நியாயம்தான். வேன், பெட்ரோல், இரண்டு ஆள், மெஷின். ஓர் அறைக்கு வந்தாலும் அவ்வளவு தூரம், மூன்று அறைக்கு வந்தாலும் அவ்வளவு தூரம். நீ படுக்கையறையையும் சேர்த்துவிடு. மூன்று அறை 750, 800க்குள் அடங்கும். இலைக்குக் காசு கொடுத்துவிட்டு ரசத்தோடு எழுந்திருப்பானா ஒருவன்?

லோகன்: வாட்?

அக்கா: தனியாகச் சொல்லாவிட்டால் போட்ட விலைக்குள்ளேயே வாட் அடக்கம் என்றுதான் இந்த நாட்டுச் சட்டம். வாட்டுக்குப் பதிவு செய்யாதவர் அதை வாங்கவே கூடாது. பில்லில் வாட் எண் இருக்கிறதா என்று கேள், குரல் தானாக இறங்கும்.

லோகன்: சரி, கறைக்கு 200 அநியாயம் இல்லையா?

அக்கா: அதில் வாய் திறக்காதே. கறை போட்டவர் கறைக் காசு கொடுக்க வேண்டும். அதுதான் முறை.

லோகன்: ஆவி பிடிப்பார்களாம். கார்ப்பெட்டுக்கு ஜலதோஷமா அக்கா?

அக்கா: பெயர்தான் ஸ்டீம். வெந்நீரில் சோப்புக் கலந்து பீய்ச்சி, அழுக்கோடு உடனே உறிஞ்சி எடுப்பார்கள். அந்த உறிஞ்சலில்தான் இருக்கிறது எல்லாம். அரைகுறையாக விட்டுப் போனால் இந்த டர்பன் புழுக்கத்தில் காயவே காயாது, வீடு முழுக்க மழையில் நனைந்த நாய் வாசம் அடிக்கும். காய எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

லோகன்: கறை போகுமா?

அக்கா: அவர்கள் என்ன சொன்னார்கள்?

லோகன்: முயற்சி செய்து பார்க்கிறோம் என்றார்கள்.

அக்கா: அப்படியானால் உண்மை பேசுகிறவர்கள், அவர்களையே பிடி. மஞ்சள் அழுக்கு இல்லை தம்பி, சாயம். நூலோடு சம்பந்தம் பேசி முடித்துவிடும். வேட்டியாக இருந்தால் நாலு நாள் வெயிலில் போட்டு வெளுக்க வைக்கலாம்.

லோகன்: இது சுவரோடு சுவராக அடித்தது. வெயில் காட்ட வேண்டுமானால் கூரையைத்தான் கழற்ற வேண்டும். அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்யச் சொன்னால் குறையுமா?

அக்கா: அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகிவிடும். மிச்ச இடம் எவ்வளவு அழுக்கு என்று அதுவே உன் பெண்டாட்டியிடம் கோள் சொல்லும்.

லோகன்: அதனால்தான் நேற்று ராத்திரியே சோபாவை இழுத்துக் கறைமேல் போட்டுவிட்டேன்.

அக்கா: எந்தச் சோபா? ஜன்னலோரத்துச் சோபாவா?

லோகன்: அதேதான். வாஸ்து, வாஸ்து என்று இரண்டு வருஷமாக அதை இம்மி நகர்த்த விடவில்லை அவள். நகர்த்தினால், அடியில் தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை!

(அக்கா வேலியில் படர்ந்த பாகற்கொடியைக் கவனமாகப் பார்க்கிறார்.)

லோகன்: அக்கா?

அக்கா: அந்தத் தீபாவளிக்குப் பிரியாணிச் சட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். கைப்பிடி சுட்டுவிட்டது. வாஸ்து அவளுடைய யோசனை.

லோகன்: அப்படியானால் இரண்டு கறை, 400 ரேண்ட்! கறை போட்டவர் காசு...

அக்கா: கத்தாதே, மாமா உள்ளே இருக்கிறார். அந்தப் போன் நம்பரை இப்படிக் கொடு. இரண்டு கறை என்றால் எவ்வளவு குறைப்பார்கள் என்று நானே பேசுகிறேன்.