யார்மீது புகாரோ, அவரிடமே மனு

தமிழ்நாட்டில் ஒரு காவலர் உங்களை அடித்தால், பொய் வழக்குப் போட்டால், உங்கள் நிலத்தைப் பிடுங்க ஒருவருக்குத் துணை போனால், அவர்மீது புகார் சொல்வதற்கென்றே சட்டப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. காவல்துறைப் புகார் ஆணையம். பலருக்கு இது இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் போக மாட்டார்கள். ஏன் என்று அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாலே புரியும்.

மாவட்ட அளவில் தலைவர், மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்கள், அதே மாவட்டத்தின் எஸ்பியும் கூடுதல் எஸ்பியும். மாநில அளவில் தலைவர், உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள், டிஜிபியும் சட்டம் ஒழுங்குப் பிரிவின் ஏடிஜிபியும். இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் இப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் காவல்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங், 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். காவல்துறையை ஆளுங்கட்சியின் கைப்பிடியிலிருந்து விடுவித்து, மக்களுக்குப் பதில் சொல்லும் துறையாக மாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பத்தாண்டுகள் கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. அதில் ஏழு கட்டளைகள். டிஜிபிக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாற்றங்களை முடிவு செய்யத் துறைக்குள்ளேயே ஒரு வாரியம் என்று அது விரிகிறது. அவற்றுள் சாதாரண மனிதனுக்கு நேரடியாகத் தொடர்புடையது புகார் ஆணையம்தான். மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். அவர்களை அரசு தன் விருப்பப்படி நியமிக்கக் கூடாது, தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தும். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட உத்தரவு அது.

ஏழாண்டுகள் கழித்து நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நீதிபதி இருக்க வேண்டிய இடத்தில் ஆட்சியரையும் எஸ்பியையும் உட்கார வைத்தது. அதன் பிறகு ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது காவல் மரணங்களுக்காகத் தெருவில் இறங்கியவர்கள் ஆளுங்கட்சி ஆனார்கள். அந்தப் பிரிவு மட்டும் அப்படியே இருந்தது. எந்தக் கட்சிமீதும் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு இல்லை. ஆனால் இதில் இரு தரப்புக்கும் சம பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்த விஷயத்தில் நமக்கு மிகப் பழைய அனுபவம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854-இல் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1855-இல் வந்த அதன் அறிக்கையில் விரல்களை நசுக்கும் கிட்டியும், ஆளைக் குனிய வைத்துக் கட்டி அப்படியே வெயிலில் விடுவதும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த ஆணையர்களை அதைவிட அதிகமாக வருத்தியது வேறொன்று: பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் தேட வழியே இல்லை என்பது. கலெக்டருக்கு மனு எழுதினால், வழக்கமான மேற்குறிப்போடு அது தாசில்தாருக்குத் திருப்பி அனுப்பப்படும். தாசில்தார்தான் அன்று வரி வசூலும் போலீசும். அதாவது, அடித்தவனிடமே மனு போய்ச் சேரும். போலீசையும் வருவாய்த்துறையையும் பிரிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அதைத் தொடர்ந்து 1859-இல் மாவட்டக் காவல் சட்டம் வந்தது.

இன்று திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில், இன்ஸ்பெக்டர்மீது புகாரோடு வரிசையில் நிற்கும் ஒருவரின் மனு என்ன ஆகிறது? ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எஸ்பி அலுவலகம், அங்கிருந்து டிஎஸ்பி, அங்கிருந்து பெரும்பாலும் அதே காவல் நிலையம். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு பதில் கிடைக்கும். சில நாளில் அந்த நிலையத்திலிருந்தே போன் வரும், "மனுவா கொடுத்தாய்? வா, விசாரிக்கலாம்" என்று. 1855-இல் எழுதி வைத்த அதே பாதையில்தான் மனு இன்றும் போகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதையை மாற்றவில்லை. அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்சியரும் எஸ்பியும் நல்லவர்களாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு வாச்சாத்தியைச் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரம் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளை அழித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களும் நீதிமன்றம் போய்த்தான் சிபிஐ விசாரணையே கிடைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதோடு நிற்கவில்லை. உண்மைக் குற்றவாளிகளைக் காப்பாற்றும் வகையில் நடந்துகொண்ட அப்போதைய மாவட்ட ஆட்சியர், எஸ்பி, மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த ஆட்சியர் பதவியும் அந்த எஸ்பி பதவியும்தான் இன்று நம் மாவட்டப் புகார் ஆணையம். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

அதே சங்கடம் 2025-லும் வந்தது. சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல் போனதாக ஒரு புகார். கோயில் காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படை விசாரணைக்கு அழைத்துப் போனது. ஜூன் 28 அன்று அவர் இறந்தார். உடற்கூறாய்வில் நாற்பதுக்கு மேற்பட்ட காயங்கள். ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ இல்லாமல் போயிருந்தால் அந்த மரணம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலிப்பு, நெஞ்சுவலி, தப்பி ஓடும்போது விழுந்தார். இவற்றில் ஏதோ ஒன்று. வீடியோ வந்ததால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமையாகக் கேட்டதால், காவலர்கள் கைதானார்கள், டிஎஸ்பி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், எஸ்பி காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார், வழக்கு சிபிஐக்குப் போனது. அந்தக் குடும்பம் சட்டத்தை நம்பி மாவட்டப் புகார் ஆணையத்துக்குப் போயிருந்தால், காத்திருப்போர் பட்டியலுக்குப் போன அதே எஸ்பிதான் அங்கே உறுப்பினராக உட்கார்ந்து அவர்கள் மனுவைப் பிரித்திருப்பார்.

சாத்தான்குளத்தையும் மறக்கக் கூடாது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். கைதானவரை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் இருந்தன. மருத்துவர் சான்றும் தந்தார், நீதித்துறை நடுவர் காவலில் வைக்கவும் உத்தரவிட்டார். இருவரும் பிணமாகத்தான் திரும்பினார்கள். பிறகு விசாரிக்கப் போன வேறொரு நடுவருக்கே காவல் நிலையத்தில் மரியாதை இல்லை. சிசிடிவி பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டுபிடித்தார். ஆதாரங்களைக் காப்பாற்ற, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு நீதித்துறை நடுவருக்கே இந்த நிலை என்றால், சொந்தப் புலனாய்வாளர் ஒருவர்கூட இல்லாத ஆணையம் யாரை விசாரிக்கும்?

அன்று அந்த நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை நடுவரிடம் சொன்னார். பயந்து நடுங்கிக்கொண்டேதான் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புத் தரும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. காவல்துறைக்குள் மனசாட்சியுள்ளவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் உண்மையைச் சொல்லப் போக ஓர் இடம் இல்லை. புகார் ஆணையம் என்றால் போலீசுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைநிலைக் காவலரின் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. வேலை நேரத்துக்குக் கணக்கு இல்லை. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை ஒழிய வேண்டும் என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியிருக்கிறது. மேலிடத்திலிருந்து "இன்றைக்குள் முடித்துக் கொடு" என்று ஒரு போன் வந்தால் மறுக்கவும் முடியாது. விஷயம் பெரிதானால் போன் செய்தவர் தெரிய மாட்டார், லத்தி பிடித்தவர் சிறைக்குப் போவார். அந்த போன் யாருடையது என்று கேட்கும் அதிகாரம், அந்த அதிகாரியின் கீழ் இல்லாத ஒருவருக்குத்தான் இருக்க முடியும்.

ரவுடிகள் பொய்ப் புகார் கொடுத்து நேர்மையான அதிகாரிகளை முடக்கிவிடுவார்கள் என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. பொய்ப் புகார்கள் வரத்தான் செய்யும். இன்று என்ன நடக்கிறது? துறையே விசாரித்து 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று சொல்கிறது. அது உண்மையாகவே இருந்தாலும் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்து அந்த அதிகாரி குற்றமற்றவர் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

இனி நம்மைப் பற்றி. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பிடிபட்டவர் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால் நம்மில் எத்தனை பேர் மகிழ்ந்து பகிர்கிறோம்! 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதிச் சிரிக்கிறோம். அவர் செய்த குற்றம் கொடியதாகவே இருக்கட்டும். அந்தச் சிரிப்பின் மூலம் காவல்துறைக்கு நாம் தரும் அனுமதி அந்த ஒருவரோடு நிற்பதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமையை நாம் ஒரு தனிப்படையிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் மடப்புரத்தில் செய்ததும் அதே முடிவுதான்: இவன்தான் திருடியிருப்பான். எஃப்ஐஆர்கூடப் போடவில்லை. மாவுக்கட்டுக்குக் கைதட்டிவிட்டு, மடப்புரத்துக்கு மட்டும் கண்ணீர் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாவுக்கட்டோடு நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் பாருங்கள். வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டிலிருந்து வந்த ஒருவர் இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும் வழுக்கி விழுந்ததாக நான் படித்ததில்லை.

கேரளம் 2011-இல் இயற்றிய காவல் சட்டத்தில், மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் மாவட்ட ஆணையங்களுக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதிகளும் தலைவர்கள். அங்கேயும் உறுப்பினர்களில் அதிகாரிகள் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் தலைமைப் பொறுப்பு ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியிடம் இருக்கிறது. வட அயர்லாந்தில் காவல்துறைமீது மக்களில் கணிசமான பகுதியினருக்கு நம்பிக்கையே இல்லாத காலத்தில், சொந்தப் புலனாய்வாளர்களோடு தனி ஓம்புட்ஸ்மன் (புகார்களைச் சுதந்திரமாக விசாரிக்கும் அதிகாரி) அலுவலகத்தை 2000-இல் திறந்தார்கள். புகார்கள் நேராக அங்கே போகின்றன, காவல்துறைக்கு அல்ல.

நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் ஆணையத்தின் அமைப்பைச் சொல்லும் பிரிவுகளை நீக்கிவிட்டு, 2006 தீர்ப்பில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும். பணியில் இருக்கும் எந்த அதிகாரியும் உறுப்பினராகக் கூடாது. ஆணையத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர்களும், சிசிடிவி பதிவை உடனே கைப்பற்றும் அதிகாரமும் வேண்டும். புகார் கொடுத்தவரை அதே காவல் நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. எத்தனை புகார் வந்தது, எத்தனையில் நடவடிக்கை என்ற ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இவற்றோடு மத்திய அரசு செய்ய வேண்டிய ஒன்றும் பாக்கி இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது.

சட்டம் மாறும்வரை பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்க முடியாது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும், இந்தக் கெடுவைத் தவறவிட்டு வாய்ப்பை இழந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் சொல்லியிருக்கிறது. காவல் நிலையங்களின் எல்லா வாசல்களிலும் லாக்-அப்பிலும் நடைவழிகளிலும், ஒலியும் பதிவாகும் கேமராக்கள் இருக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. புகார் எழுதும்போதே, சம்பவம் நடந்த நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அதிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பதிவு இருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கைமீது விவாதம் நடக்கிறது. புதிய வாகனங்கள், புதிய நிலையங்கள், பதக்கங்கள் எல்லாம் அதில் அறிவிக்கப்படுகின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் அதில் என்ன பேசினார் என்று தேடிப் படியுங்கள். புகார் ஆணையத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், அடுத்த முறை அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது நேராகக் கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தில் எஸ்பியின் ஆட்கள்மீது வரும் புகாரை எஸ்பியே விசாரிப்பதை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையா?